பெனடிக்ட் மடங்களில் ஒரு நாள்

இத்தாலியின் மோன்டே கசினோ மலைமேல் 529 வாக்கில் மடம் நிறுவிய புனித பெனடிக்ட், தம் துறவிகளுக்கென 73 இயல்கள் கொண்ட ஒழுங்குநூல் ஒன்றை இயற்றினார். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகன் நகரில் கூடிய பேரவைகள் பிராங்கியப் பேரரசின் மடங்களுக்கு இந்நூலையே பொதுவிதியாக்கியபின், மேற்கு ஐரோப்பியத் துறவியரின் அன்றாட வாழ்வு பெரும்பாலும் இதன் வழியே நடந்தது. உடலை வருத்துவதில் ஒருவரையொருவர் விஞ்சும் தவத்தை விடுத்து, நலிந்தவரும் தாங்கக்கூடிய அளவுகளால் துறவை ஒழுங்குபடுத்தியதே இந்நூலின் பெருமை.

பகலையும் இரவையும் தனித்தனியே பன்னிரண்டாகப் பகுத்த ரோமானிய வழக்கை மடங்களும் கைக்கொண்டதால், ஒரு மணிநேரம் என்பது பகலில் கோடைக்கு நீண்டும் குளிர்காலத்துக்குக் குறுகியும் அமைந்தது. குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணிக்கு, அதாவது ஏறத்தாழ அதிகாலை இரண்டு மணிக்கு, இரவு மன்றாட்டுக்காகத் துறவிகள் எழுந்தனர். அதன்பின் பகலில் ஏழு முறை கோயிலில் கூடி, திருப்பாடல்கள் 150ஐயும் ஒரு வாரத்துக்குள் பாடி முடித்தனர்.

உணவுக்கும் அளவு இருந்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஓர் இராத்தல் ரொட்டியும், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்ற கருத்தில் சமைத்த கறிவகை இரண்டும், சிறிதளவு திராட்சை மதுவும் வழங்கப்பட்டன. நாற்கால் விலங்கின் இறைச்சி மிகவும் நலிந்த நோயாளிகளுக்கு மட்டுமே உரியது. பந்தியில் ஒருவர் வாரமுறைப்படி நூல் வாசிக்க, மற்றவர் பேசாமல் உண்டனர். பிறர் உண்டபின்னரே தம் உணவைப் பெறும் அவ்வாசகர் பசியால் சோர்ந்துவிடாதிருக்க, வாசிக்கத் தொடங்குமுன் நீர் கலந்த மது சிறிது தரப்பட்டது. பேச்சுக்கு ஈடான சைகைமொழி பிரான்சின் குளூனி மடத்தில் விரிவாக வளர்ந்தது. அங்கு மீன் வேண்டியவர், அதன் வால் நீரில் அசைவதுபோல் கையை அசைத்துக் காட்டினார்.

சோம்பல் ஆன்மாவின் பகை என்று கருதிய பெனடிக்ட், மன்றாட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் பகிர்ந்தளித்தார். தவக்காலத்தில், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்பு நாட்களில், ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று முதலிலிருந்து முடிவுவரை படிக்க வேண்டும். 910இல் நிறுவப்பட்ட குளூனியில் வழிபாடு நீண்டுகொண்டே போனதால் உடலுழைப்பு சுருங்கியது. 1098இல் சீத்தோ மடத்தை நிறுவிய துறவிகள், விதியின் பழைய சமநிலைக்குத் திரும்ப விழைந்து உழைப்பை மீண்டும் முன்னிறுத்தினர்.

எனினும் அளவுகள் இறுகிய சட்டங்களாய் நிற்கவில்லை. கடும் உழைப்பின்போது உணவைக் கூட்டவும், குளிர்மிகுந்த நாட்டில் ஆடையைக் கூடுதலாக வழங்கவும் மடத்தலைவருக்கு அந்நூலே அதிகாரம் அளித்தது. இத்தாலிய மலையொன்றில் பிறந்த விதியை இங்கிலாந்தின் குளிரிலும் துறவிகள் கைக்கொள்ள முடிந்ததற்கு இந்த நெகிழ்ச்சி பெரிதும் துணைநின்றது.