15 சத ஹம்பேகரும் 10 சத பஸ்ஸும்

இன்ஸ்டகிராமில் அடிக்கடி ஒரு படம் சுத்திவரும். வாலில் செட்டை முளைச்ச மாதிரி ஒரு நீளக் கார், பக்கத்தில் சிரிச்சபடி ஒரு குடும்பம், கீழே ஒரு விலைப்பட்டியல். அமெரிக்கா, 1950: ஹம்பேகர் 15 சதம், ஒரு கலன் பெற்றோல் 27 சதம், புது வீடு 8,000 டொலர். "வாழ்ந்தா அந்தக் காலத்தில வாழ்ந்திருக்கோணும்" எண்டு கீழே ஆராவது எழுதியிருப்பினம்.

விலைகள் அநேகமாகச் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் சம்பளம் இருக்காது. அந்தச் சாமானை வாங்க ஆரை விட்டார்கள் என்பதும் இருக்காது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் நாங்கள் இதை வாசிக்கப் போகிறோம்.

முதலில் சம்பளம். அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1945 ஒக்டோபரில் இருந்து மணித்தியாலத்துக்கு 40 சதம். 1950 ஜனவரியில் அது 75 சதமானது, 1956 மார்ச்சில் ஒரு டொலரானது. அப்ப 1950 இல் 15 சத ஹம்பேகர் ஒன்றுக்கு 12 நிமிட வேலை. மோசமில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வராத ஆக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தோட்டங்களிலும் வயல்களிலும் வேலை செய்பவர்கள் 1966 வரைக்கும், வீட்டு வேலை செய்பவர்கள் 1974 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் கூடுதலாகச் செய்த வேலைகள் இந்த இரண்டும்தான். 1938 இல் சட்டம் எழுதப்பட்டபோது தென்பகுதி அரசியல்வாதிகளின் கையும் அதில் இருந்தது. இன்னொன்று: அந்த ஹம்பேகரைச் சுட்டுக் குடுத்த பெடியனுக்கும் அநேகமாக இந்தச் சட்டம் பொருந்தாது. கடை, உணவகத் தொழிலாளர்களைச் சட்டம் தொடத் தொடங்கியதே 1960களில்தான்.

போர் முடிஞ்ச உடனே எல்லாம் மலிஞ்சு போச்சு எண்ட எண்ணமும் பிழை. போர்க்காலத்தில் விலைகளை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1946 ஜூன் 30 இல் காலாவதியாக, சாப்பாட்டு விலைகள் எகிறின. பிறகு இறைச்சிக்குத் திரும்பவும் கட்டுப்பாடு போட்டார்கள். பண்ணைக்காரர்கள் மாடுகளை விற்காமல் வைத்துக்கொண்டார்கள், கடைகளில் இறைச்சியே இல்லை. ஒக்டோபர் நடுவில் ஜனாதிபதி ட்ரூமன் கட்டுப்பாட்டை நீக்கினார். நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி கொங்கிரஸின் இரு சபைகளையும் இழந்தது. அந்த ஒரே வருடத்தில் நுகர்வோர் விலைகள் ஏறக்குறைய 18 வீதம் கூடின. நைலோன் காலுறைக்குக்கூட வரிசை. பிற்ஸ்பேர்க் நகரில் 13,000 சோடிக்கு ஏறத்தாழ 40,000 பேர் நின்றார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. 2022 இல் காஸ் சிலிண்டரோட வரிசையில் நிண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சம்பளம் விலையைத் துரத்திப் பிடித்ததும் தானாக நடக்கவில்லை. 1946 இல் 46 இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெனரல் மோட்டர்ஸில் மட்டும் அது 113 நாள் நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் வால்ற்றர் றூதர் வைத்த கோரிக்கை இன்றைக்கு வாசிக்கவும் புதுமையாக இருக்கிறது: சம்பளத்தை 30 வீதம் கூட்டு, காரின் விலையைக் கூட்டாதே, முடியாதெண்டால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு. புத்தகம் திறக்கப்படவில்லை, 30 வீதமும் கிடைக்கவில்லை. ஆனால் 1948 இல் அதே கம்பனி செய்த ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு வந்தது: வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறினால் சம்பளமும் சேர்ந்து ஏறும். பொற்காலம் எண்டு எதையாவது சொல்லத்தான் வேணுமெண்டால், எங்கட தெரிவு செட்டை வைச்ச கார் இல்ல, இந்த ஏற்பாடுதான்.

இனி அந்த ஹம்பேகர். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மக்டொனால்ட் சகோதரர்கள் நடத்தியது நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரு கடை. காரில் வந்து நிற்பவர்களுக்குப் பணிப்பெண்கள் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து குடுப்பார்கள். 1948 இல் அதைப் பூட்டி, வருடக் கடைசியில் வேறு மாதிரித் திறந்தார்கள். பணிப்பெண்கள் இல்லை. பீங்கான் இல்லை, அதைக் கழுவ ஆளும் இல்லை, எல்லாம் கடதாசி. 25 வகைச் சாப்பாடு 9 ஆகக் குறைந்தது. சமையலைத் துண்டு துண்டாக்கி, ஒருவர் சுட, ஒருவர் சோஸ் பூச, ஒருவர் சுத்திக் குடுக்க, ஏறக்குறைய ஒரு கார்த் தொழிற்சாலை. 15 சதம் எங்கேயிருந்து வந்தது எண்டு கேட்டால், வேலையை இழந்த அந்தப் பெண்களிடமிருந்தும் கோப்பை கழுவியவர்களிடமிருந்தும்தான் வந்தது.

அதே முறையை வீட்டுக்கும் செய்யலாம் எண்டு காட்டியவர்கள் லெவிற் குடும்பத்தினர். நியூயோர்க்குக்குக் கிழக்கே லோங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயலாய்க் கிடந்த நிலத்தில் 1947 இல் தொடங்கி, 1951 க்குள் 17,000 க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தார்கள். வீடு நிண்ட இடத்தில் நிக்கும், வேலையாட்கள் குழு குழுவாய் வீட்டுக்கு வீடு நகர்ந்து போவார்கள். ஒரு குழு அத்திவாரம், ஒரு குழு ஜன்னல், ஒரு குழு சிவப்புப் பெயின்ற். 1949 இல் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டொலர். உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அந்த விலைக்குள் அடக்கம், அடுத்த வருடம் படிக்கட்டுக்குக் கீழே பதித்த ரீவியும் சேர்ந்தது. போரில் இருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் கடனுக்குப் பிணை நின்றதால் முற்பணமே தேவையில்லை. மாதம் 58 டொலர். நகரத்தில் ஒடுங்கின அறைக்கு வாடகை கட்டுறதை விட இது லாபம்.

ஆனால் தொடக்க கால வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருந்தது: வெள்ளையரல்லாத எவரும் இந்த வீட்டைப் பாவிக்கக் கூடாது. வேலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இப்படியான இன விலக்கு ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமுல்படுத்த முடியாதென்று 1948 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வரி ஒப்பந்தத்தில் இருந்து போனது. வழக்கம் போகவில்லை. கம்பனி கறுப்பினத்தவருக்கு விற்கவே இல்லை. கடனுக்குக் காப்புறுதி கொடுத்த அரச நிறுவனமும் கலப்புக் குடியிருப்புகளை ஆபத்தான முதலீடு என்றே பல வருடம் கணக்கிட்டது. போர் வீரர்களுக்கான சலுகைச் சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் கடனைக் குடுக்கிறது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947 இல் எடுத்த கணக்கின்படி, அரச பிணையுடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு.

இரண்டே இரண்டு.

பென்சில்வேனியாவில் கட்டப்பட்ட இரண்டாவது லெவிற்றவுனில், 1957 ஓகஸ்டில் பில், டெய்சி மயர்ஸ் தம்பதியினர் முதற் கறுப்பினக் குடும்பமாகக் குடிவந்தார்கள். கம்பனியிடம் இல்லை, வீட்டை விற்க விரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வாங்கினார்கள். பில்லும் போருக்குப் போய் வந்தவர், விலையைக் குடுக்க அவர்களால் முடிந்தது. அண்டிரவே வீட்டுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது, கல் பறந்து ஜன்னல் உடைந்தது. மாநிலப் பொலிஸ் வந்து நிற்க வேண்டி வந்தது. தொல்லை கிழமைக்கணக்கில் நீடித்தது. அவர்கள் உடனே போகவில்லை, சில வருடங்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். முதலாவது லெவிற்றவுனில் 7,990 டொலருக்கு விற்ற வீடுகள் இன்றைக்குப் பல இலட்சம் டொலர் பெறும். அந்தச் சொத்து தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது, 1949 இல் கதவு சாத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு என்ன போனது எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த ரீவிக்கு வருவம். போருக்குப் பிறகு வந்த முதல் பெட்டிகள் 350 டொலருக்கு மேல். 40 சதக் கூலிக்காரர் ஒருவர் சாப்பிடாமல் கொள்ளாமல் 22 கிழமை உழைத்தால் வாங்கலாம். 1950 இல் நூறு வீட்டில் ஒன்பதில்தான் ரீவி இருந்தது. 1960 இல் 87 இல் இருந்தது. 1953 ஜனவரி 19 இரவு 'ஐ லவ் லூசி' தொடரில் லூசிக்குப் பிள்ளை பிறந்ததை 4 கோடி 40 இலட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த நாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. தொடரில் "கர்ப்பம்" என்ற சொல்லைச் சொல்லத் தடை, புருசனும் பெண்சாதியும் தனித்தனிக் கட்டிலில் படுப்பினம். பிள்ளை எப்பிடி வந்தது எண்டு ஆரும் கேக்கேல்ல.

ரீவி பார்க்கக் காசில்லை, விளம்பரக்காரர்தான் செலவைக் கட்டினார்கள். லூசியின் தொடருக்கு ஒரு சிகரெட் கம்பனி. ஆகவே விளம்பரக்காரருக்குப் பிடிக்காதது திரைக்கு வராது. 1956 நவம்பரில் நற் கிங் கோல் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். நாடே அவருடைய குரலுக்கு மயங்கிக் கிடந்த காலம் அது. அடுத்த வருடம் டிசம்பரில் நிறுத்தும் வரைக்கும் தேசிய அளவில் அனுசரணை தர ஒரு கம்பனியும் முன்வரவில்லை. தென் மாநிலங்களில் சாமான் விற்காமல் போய்விடும் எண்ட பயம்.

பாட்டிலும் இதே கணக்குத்தான். 1949 இல் வந்த சின்ன 45 இசைத்தட்டு ஒரு டொலருக்குள் அடங்கியது, பள்ளிக்கூடப் பிள்ளையின் கைச்செலவுக்குக் கட்டுப்படியாகும். 1954 இல் 49.95 டொலருக்கு ட்ரான்சிஸ்டர் வானொலி வந்தது, பிள்ளைகள் அறைக்குள்ளே தங்கட பாட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். 'ஹவுண்ட் டோக்' பாட்டை முதலில் பாடியவர் பிக் மாமா தோர்ன்ரன் என்ற கறுப்பினப் பெண். இசைத்தட்டு 1953 இல் வந்து நன்றாக விற்றது. தனக்குக் கிடைத்தது 500 டொலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் பின்னர் சொன்னார். அதே பாட்டைப் பாடிய எல்விஸ் பிறெஸ்லிக்கு, 1956-57 இல் எட் சலிவன் நிகழ்ச்சியில் மூன்று முறை தோன்ற 50,000 டொலர். எல்விஸைத் திருடன் எண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்தப் பாட்டுகளைக் காதலிச்சுத்தான் அவர் பாடினார். ஆனால் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைச்சுப் பாக்கத்தான் வேணும்.

அலபாமாவின் மொன்கொமரி நகரத்தில் பஸ் கட்டணம் 10 சதம். கறுப்பினத்தவருக்கும் அதே 10 சதம்தான், கழிவில்லை. முன்கதவால் ஏறிக் காசைக் குடுத்துவிட்டு, திரும்ப இறங்கிப் பின்கதவால் ஏறும்படி சாரதிகள் பல தடவை சொல்வார்கள். சில வேளை அதற்குள் பஸ் போய்விடும். 1955 டிசம்பரில் இருக்கையை விட்டுக் கொடுக்க மறுத்த றோசா பார்க்ஸ் ஒரு தையற்காரி. நீதிமன்றம் விதித்தது 10 டொலர் தண்டமும் 4 டொலர் வழக்குச் செலவும். அன்றைய குறைந்தபட்சக் கூலியில் 18 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு. பஸ்ஸைச் சனம் பகிஷ்கரிச்ச முதல் நாள்களில் கறுப்பின டக்சிக்காரர்கள் அதே 10 சதத்துக்கு ஆட்களை ஏற்றினார்கள். நகர நிர்வாகம் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, டக்சியின் ஆகக் குறைந்த கட்டணம் 45 சதம் எண்டது. பிறகு சொந்தக் கார்களைக் கூட்டுச் சேர்த்து ஓடினார்கள், மிச்சப்பேர் நடந்தார்கள். 381 நாள்.

1959 ஜூலையில் மொஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் ஒரு மாதிரி வீட்டுக் குசினிக்கு முன்னால் நின்று உப ஜனாதிபதி நிக்சன் குருஷ்சேவுடன் வாதாடினார். 14,000 டொலர் பெறும் இந்த வீட்டை எங்கள் உருக்காலைத் தொழிலாளி வாங்கலாம், அவருக்கு மணித்தியாலத்துக்கு 3 டொலர் கிடைக்கிறது என்றார். அவர் அதைச் சொன்ன கிழமையில் ஐந்து இலட்சம் உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். நிக்சன் அதையும் மறைக்காமல் சொன்னார் என்பதைக் குறிப்பிட வேணும். எந்த நிறத்துத் தொழிலாளிக்கு அந்த வீட்டை விற்பார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த பெப்ரவரி 1 ஆம் திகதி, வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வேர்த் கடைக்குள் போனார்கள். மலிவுச் சாமான்களுக்குப் பேர்போன கடை. பற்பசையும் வேறு சில்லறைச் சாமானும் வாங்கினார்கள், கல்லாவில் காசை எடுத்துப் பற்றுச்சீட்டும் குடுத்தார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டு மேசையில் இருந்து கோப்பி கேட்டார்கள். இல்லை என்று பதில். கடை பூட்டும் வரைக்கும் எழும்பாமல் இருந்தார்கள். அடுத்த நாள் இன்னும் கனபேர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் இன்னும் கூட. ஜூலை 25 இல் கடை இறங்கி வந்தது. அன்றைக்கு அந்த மேசையில் முதலில் இருந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள் அந்தக் கடையிலேயே வேலை செய்தவர்கள்.