அஞ்சியவரும் எள்ளியவரும்: அமெரிக்கப் பேய்வீட்டுப் பகடிப் படங்களில் கறுப்பினப் பாத்திரங்கள் (1920–2013)

ஆய்வுச் சுருக்கம்

பேய்வீட்டுக் கதைகளை நகைச்சுவையாக்கிய அமெரிக்கத் திரைப்படங்களில் எவருடைய அச்சம் நகைப்புக்கு உரியதாக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பகடி, பேய்வீடு, திகில் வகைமை, கறுப்பினச் சித்திரிப்பு.

முன்னுரை

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சேர்த்துரைக்கிறது. பேதைமையால் ஒருவர் நகைப்புக்கு ஆளாகிறார். எள்ளலால் அவரே பிறரை நகைக்கவும் இயலும். அமெரிக்கப் பேய்வீட்டு நகைச்சுவையில் கறுப்பினப் பாத்திரங்கள் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நகர்ந்த வரலாற்றை விளக்க இப்பாகுபாடு துணைபுரிகிறது.

1. போலிப் பேய்களும் அஞ்சும் பணியாளரும்

ஹெரால்ட் லாய்டின் 'ஹாண்டட் ஸ்பூக்ஸ்' (1920), பஸ்டர் கீட்டனின் 'தி ஹாண்டட் ஹவுஸ்' (1921) ஆகிய குறும்படங்களில் பேய் என்பது மனிதச் சூழ்ச்சியே. முன்னதில் மாளிகையை விரும்பும் உறவினரும், பின்னதில் கள்ளநோட்டுக் கும்பலும் பேய் நடமாட்டத்தைப் புனைகின்றனர். சூழ்ச்சியை முன்பே அறிந்த பார்வையாளர் அஞ்சுவதில்லை. எனவே அவருக்காகத் திரையில் ஒருவர் நடுங்க வேண்டியிருந்தது. லாய்டின் படத்தில் அப்பணி பெரிதும் கறுப்பின வேலைக்காரர்கள்மேல் சுமத்தப்பட்டது.

ஜார்ஜ் மார்ஷல் இயக்கிய 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' (1940) படத்திலும் இவ்வழக்கம் நீடித்தது. அதில் பாப் ஹோப்பின் பாத்திரமும் அஞ்சுகிறது. ஆயினும் தன் அச்சத்தைத் தானே நையாண்டி செய்யும் சொல்வன்மை அதற்கு உண்டு. வில்லி பெஸ்ட் நடித்த பணியாள் அலெக்ஸின் அச்சமோ பெரிதும் உடல் நடுக்கமாகவும் விரிந்த விழிகளாகவும் காட்டப்படுகிறது. பெஸ்ட் தம் தொடக்ககாலப் படங்கள் சிலவற்றில் 'ஸ்லீப் அன்ட் ஈட்' என்னும் பெயரால் குறிக்கப்பட்டமை அக்காலத் திரைத்துறையின் மனப்பாங்கைப் புலப்படுத்தும்.

2. வெளியேறாமை ஏன்?

எடி மர்ஃபி தம் 'டெலிரியஸ்' (1983) மேடை நிகழ்ச்சியில், 'தி அமிட்டிவில் ஹாரர்' (1979), 'போல்ட்டர்கைஸ்ட்' (1982) ஆகிய படங்களின் வெள்ளையினக் குடும்பங்கள் பேய் இருப்பதை அறிந்தும் உடனே வெளியேறாதது ஏன் என்று வினவினார். இவ்வினா அவ்வகைமையின் அடித்தளத்தையே தொட்டது. குடும்பம் வெளியேறினால் கதை முடிந்துவிடும். 1940இல் பேதைமையாகக் காட்டப்பட்ட அச்சம் இங்கு அறிவுடைமையாகிறது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதே அறிவுடையோர் தொழில் என்னும் குறட்கருத்து இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

கீனன் ஐவரி வேயன்ஸ் இயக்கிய 'ஸ்கேரி மூவி 2' (2001), 'தி ஹாண்டிங்' (1999) முதலிய படங்களைப் பகடி செய்தது. பேய்மாளிகையில் குழுவைப் பிரிக்கும் யோசனை எழும்போது, கறுப்பினப் பெண்ணான பிரெண்டா மறுப்புரைக்கிறாள். திகில் கதையின் பழகிய உத்தியை அக்கதைக்குள்ளிருந்தே அவள் கேள்விக்கு உட்படுத்துகிறாள். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தைப் பகடி செய்த 'எ ஹாண்டட் ஹவுஸ்' (2013) படத்தில் மார்லன் வேயன்ஸ் இணை எழுத்தாளராகவும் வீட்டின் உரிமையாளராக வரும் நாயகனாகவும் விளங்கினார். முன்பு பிறர் மாளிகையில் ஏவல் செய்த பாத்திரம் இங்கு வீட்டுக்கு உரியதாயிற்று.

இம்மாற்றத்தை முழு விடுதலை எனல் பொருந்தாது. 'ஸ்கேரி மூவி 2' படத்தில் மாளிகைப் பராமரிப்பாளரின் ஊனமுற்ற கை திரும்பத் திரும்ப அருவருப்புக்கும் நகைப்புக்கும் உரியதாக்கப்படுகிறது. தம்மினத்தின்மேல் சுமத்தப்பட்ட நகைப்பை விலக்கிய படைப்பாளர்கள் அதனை மற்றொரு நலிந்த பிரிவினர்மேல் ஏற்றினர்.

முடிவுரை

பகடியை ஒரு வகைமையின் தேய்வுக்கால அறிகுறியாக மட்டும் கருதும் பார்வை இவ்வரலாற்றுக்குப் போதாது. பேய்வீட்டுக் கதை, மௌனப்படக் காலத்திலேயே நகைச்சுவையோடு பிணைந்திருந்தது. ஆகவே இத்தகைய படங்களை ஆராய்வோர், எந்தப் படம் பகடி செய்யப்பட்டது என்பதோடு, எவருடைய அச்சம் நகைக்கப்பட்டது, நகைக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பனவற்றையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.