சிராங்கூன் சாலையில் நம்பிக்கையும் காப்பும்: சிங்கப்பூர்த் தமிழரின் திருட்டு, மோசடித் தற்காப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரம், வணிகம், வழிபாடு, குடியேற்றம் ஆகிய கோணங்களில் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. அவ்வட்டாரத்தில் வாழ்ந்தோரும் அங்கு வந்து சென்றோரும் தம் உழைப்பின் பயனைத் திருடரிடமிருந்தும் ஏமாற்றுவோரிடமிருந்தும் எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதும் சமூக வரலாற்றின் ஒரு கூறேயாகும். இக்கட்டுரை அதனைச் சுருக்கமாக ஆராய முற்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். திருடன் உடையவர் அறியாமல் பொருளைக் கவர்கிறான். மோசடிக்காரனோ உடையவரே தம் கையால் பொருளை எடுத்துத் தருமாறு செய்கிறான். முன்னவனுக்குப் பூட்டும் காவலும் தடையாகும். பின்னவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டன்று. அவனுக்குத் தடையாவது மூன்றாமவர் ஒருவரின் பார்வையே. கொடுக்கல் வாங்கலைப் பிறர் அறியச் செய்தலே சிங்கப்பூர்த் தமிழரின் தற்காப்பில் முதன்மையாக விளங்கியது என்பதும், அது தளர்ந்த இடங்களிலெல்லாம் இழப்பு நேர்ந்தது என்பதும் நம் கருத்தாகும்.

1. பழந்தமிழ் நகரமும் பொற்கொல்லனும்

நகர வாழ்வும் களவும் உடன்பிறந்தவை என்பதைத் தமிழிலக்கியம் நன்கு அறிந்திருந்தது. மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரைக் காட்டுகிறது. சிலப்பதிகாரம், புகாரில் பெயரும் குறியும் பொறித்த பொதிகள் திறந்த வெளியில் கிடந்த வெள்ளிடை மன்றத்தைக் கூறுகிறது. அவற்றைக் களவாட முயன்றவன் அப்பொதியைச் சுமந்தவாறே பலரும் காணச் சுற்றிவர நேர்ந்தது என்பது அக்காப்பியம் தரும் செய்தி. அங்குப் பொருளைக் காத்தது சுவரன்று, ஊராரின் கண்ணே.

அதே காப்பியத்தில் கோவலன் வீழ்ந்தது மற்றொரு வகையில். தான் களவாடியதை மறைக்கக் கருதிய பொற்கொல்லன், கோவலனைத் தன் மனைக்கு அருகில் இருக்கச் செய்து, அவனைக் கள்வன் என அரசனிடம் கூறினான். புதிய ஊரில் கோவலனுக்காகப் பேச, அவனை அறிந்தவர் எவரும் உடனில்லை. அயலூர் வந்தவனின் இவ்வறிமுகமின்மையே பின்னாளில் கடல் கடந்து வந்த தமிழரின் இடருமாயிற்று.

தங்கத்தைப் பொறுத்தவரை அன்றைய ஐயம் முற்றும் நீங்கிவிடவில்லை. சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளில் 22 காரட் நகையின் தூய்மையை உணர்த்தும் '916' என்னும் முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதைக் குறிக்கிறது. வாங்குவோர் முத்திரையைப் பார்ப்பதோடு எடை, சேதாரம், செய்கூலி ஆகியன தனித்தனியே எழுதப்பட்ட இரசீதையும் கேட்டுப் பெறுவது, தட்டாரின் சொல்லைத் தாளில் பதிவுசெய்யும் செயலேயாகும்.

2. கிட்டங்கியும் ஜாகாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் தம் கிட்டங்கிகளை நிறுவினர். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டியும் அதன்முன் ஒரு பாயும். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனப் பணியாளர் படிநிலை அமைந்திருந்தது. ஊரிலிருந்து வந்த முகவர் ஏறத்தாழ மூன்றாண்டு பணியாற்றியபின் கணக்கை ஒப்படைத்துத் திரும்புவார். அடுத்து வருபவர் முன்னவரின் பேரேட்டைப் புரட்டுவார். ஒருவரின் கொடுக்கல் வாங்கலை அருகிலுள்ள பெட்டிக்காரர் காண முடிந்தது. இவ்வமைப்பு இடச் சிக்கனத்திற்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர்மீது ஒருவர் கண்வைக்கும் தணிக்கை முறையாகவும் அது செயற்பட்டது என்று கொள்ளலாம்.

கடைத்தெருவின் இரவுக் காவல் பெரும்பாலும் வடஇந்தியரிடம், சிறப்பாகச் சீக்கியரிடம் இருந்தது. காவலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் அவர்கள் 'ஜாகா' எனப்பட்டனர். கடை வாயிலில் கயிற்றுக் கட்டில் இட்டுப் படுத்த ஜாகா திருடனுக்குத் தடையாயிருந்தார். கடன் பத்திரத்தில் வாங்கிய தொகையைவிடக் கூடுதலான தொகையை எழுதி வாங்குவோருக்கு அவர் தடையாக இயலவில்லை. எழுத்தறியாத் தொழிலாளியின் கைந்நாட்டு எளிதில் திரிக்கப்படக் கூடியதாயிருந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1935 இல் இயற்றப்பட்ட வட்டித்தொழிலர் சட்டமும், சிங்கப்பூரில் அதன் வழிவந்த 1959, 2008 ஆம் ஆண்டுச் சட்டங்களும் கடன் கொடுப்போரை உரிமத்திற்கும் எழுத்துப் பதிவிற்கும் உட்படுத்தின.

சேமிப்பிற்கும் ஒரு மாற்று வழி தோன்றியது. 1877 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கப்பட்ட அஞ்சலகச் சேமிப்பு வங்கி, சிறுதொகையையும் ஏற்றுக் கைப்புத்தகத்தில் பதிந்து தந்தது. தலையணைக்கடியிலும் தகரப் பெட்டியிலும் பணம் வைத்திருந்தவர்க்கு இது ஒரு புதிய காப்பாயிற்று.

3. கங்காணி முதல் முகவர் வரை

ஆள்சேர்ப்பில் நிகழ்ந்த ஏமாற்று மிகப் பழையது. மலாயாவிற்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் முடிவுற்றபின் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி பெரும்பாலும் தொழிலாளியின் ஊரினர் அல்லது உறவினர். ஆகவே அவர் சொல் நம்பப்பட்டது. அந்நம்பிக்கை சிலரைக் காத்தது. வேறு பலரை முன்பணக் கடனில் கட்டியது. இந்திய அரசு 1922 இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. 1938 இல் மலாயாவிற்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது.

ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் இன்றைய கட்டுமான, கப்பல்பட்டறைத் தொழிலாளர் பலர் நிலத்தை அடகுவைத்தும் நகையை விற்றும் முகவருக்குப் பணம் செலுத்தி வந்தவர்கள். சிங்கப்பூரில் 2011 முதல், வேலை முகவை நிறுவனம் தொழிலாளியிடம் பெறும் கட்டணம் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டது. ஆயினும் இவ்வரம்பு இந்தியாவிலுள்ள இடைத்தரகரைக் கட்டுப்படுத்துவதில்லை. இந்தியாவின் 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்போர் பதிவுபெற வேண்டுமென்கிறது. பதிவுபெறாத் துணைமுகவரோ பெரும்பாலும் அறிமுகமானவராகவே இருக்கிறார். வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம் தொழிலாளரின் தாய்மொழியிலும் வழங்கப்படுவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சம்பளம், பிடித்தம், முதலாளியின் பெயர் ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே தம் மொழியில் படித்தறியும் தொழிலாளி, முகவரின் வாய்ச்சொல்லை அத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

4. கூட்டு: காக்கும் நம்பிக்கையும் கவிழ்க்கும் நம்பிக்கையும்

நம் ஆய்வுக்கு மிகவும் பொருந்திய சான்று, சீட்டு அல்லது கூட்டு எனப்படும் சேமிப்பு முறையாகும். இருபது பேர் மாதந்தோறும் 100 வெள்ளி செலுத்தினால் 2,000 வெள்ளி சேரும். அவசரத் தேவையுள்ளவர் 300 வெள்ளி தள்ளி 1,700 வெள்ளிக்குச் சீட்டை எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்க்குப் பகிரப்படும். வங்கி கடன் தர மறுக்கும் எளியவர்க்கு இது திருமணச் செலவாகவும் கடைமுதலாகவும் ஊர்ப்பயணமாகவும் பயன்பட்டது.

இம்முறையில் இருவழியில் கேடு நேரலாம். முதலில் எடுத்தவர் பின்னர்ச் செலுத்தாமல் மறையலாம். அல்லது சீட்டை நடத்துபவரே பணத்துடன் மறையலாம். பழைய தெருவில் இவ்விரண்டிற்கும் மாற்று இருந்தது. எடுப்பவரின் வீடு, வேலை, உறவு ஆகியன அனைவர்க்கும் தெரியும். ஏலம் எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். பிணையாக ஒருவர் நிற்பார். ஒளிவதற்கு இடமின்மையே உறுதியாயிருந்தது.

சீட்டு நிறுவனமாக வளர்ந்தபோது இம்மாற்று மறைந்தது. உறுப்பினர் தம்மோடு சேர்ந்திருக்கும் பிற உறுப்பினரை அறியார். அலுவலகத்தையும் விளம்பரத்தையும் மட்டுமே அறிவார். இருப்பினும் பழைய கூட்டின்மீது கொண்டிருந்த நம்பிக்கையைப் புதிய நிறுவனத்தின்மீது அப்படியே மாற்றி வைத்தனர். சிங்கப்பூர் 1971 இல் சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றி உரிம முறையை ஏற்படுத்தியது. இரண்டே ஆண்டுகளில், 1973 இல், ஜெமினி சீட்டு நிதி நிறுவனம் வீழ்ந்தது. தமிழர் மட்டுமன்றிப் பிற இனத்தவரும் அதில் பணம் இழந்தனர்.

அதே 1971 இல் மலேசியா வேறு வழியைத் தேர்ந்து, கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதையே தடைசெய்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் சொல் இடம்பெற்றிருத்தல் மொழியாய்வாளர் கவனிக்கத்தக்கது. சேர்தலைக் குறிக்கும் இனிய சொல் தடைச்சட்டத்தின் தலைப்பாக நேர்ந்ததில் ஒரு சமூக வரலாறு அடங்கியுள்ளது. தமிழ்நாடோ 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சீட்டை ஒழுங்குபடுத்தியும், 1997 ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தால் இழந்தோர்க்கு மீட்புவழி தேடியும் இச்சிக்கலை எதிர்கொண்டது. மூன்று நிலங்களிலும் சட்டம் செய்ய முயன்றது ஒன்றே: பழைய தெருவில் ஊரார் செய்த மேற்பார்வையைப் பதிவேட்டின் வழியே மீட்டல்.

5. அடுக்குமாடியும் அக்கம்பக்கமும்

விடுதலைக்குப்பின் மக்கள் கம்பங்களிலிருந்தும் கடைவீடுகளிலிருந்தும் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பூட்டு உறுதிப்பட்டது, அண்டை வீட்டார் அறிமுகம் குறைந்தது. இக்குறையை நிரப்பும் வகையில் 1981 இல் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டமும் தேசியக் குற்றத்தடுப்பு மன்றமும் தோன்றின. சப்பானியக் 'கோபான்' முறையைத் தழுவி 1983 இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையம் திறக்கப்பட்டது. கம்பத்தில் இயல்பாயிருந்ததை அரசு திட்டமாக வகுக்க நேர்ந்தது எனலாம்.

6. முகமறியாக் குரல்

இன்றைய மோசடி தெருவில் நிகழ்வதன்று; கைத்தொலைபேசி வழியே வருகிறது. சிங்கப்பூரில் 2024 இல் மோசடிகளால் 110 கோடி வெள்ளிக்கு மேல் இழக்கப்பட்டது. பதிவான வழக்குகள் 51,501. இவற்றுள் பெரும்பாலானவற்றில் பணத்தை அனுப்பியவர் இழந்தவரே. அதிகாரி போன்றும் வங்கியாளர் போன்றும் பழைய நண்பர் போன்றும் பேசும் குரல் இரண்டு கட்டளைகளைத் தவறாமல் இடுகிறது: உடனே செய், எவரிடமும் சொல்லாதே. பழைய கூட்டின் காப்பாயிருந்த பலர் முன்னிலையையே இவ்விரண்டாம் கட்டளை அழிக்கிறது.

2025 சூலை முதல் நடைமுறைக்கு வந்த மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம், ஏமாற்றப்படுவதை ஏற்க மறுப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை முப்பது நாள்வரை நிறுத்திவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கிறது. தேவைப்படின் அதனை நீட்டிக்கவும் இயலும். ஐயமுற்றவர் 1799 என்னும் எண்ணில் கேட்டறியலாம். இவ்வெண்ணை, பழைய தெருவின் மூன்றாமவருக்கு இன்றைய மாற்றாக நாம் காண்கிறோம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தற்காப்பின் கருவிகள் மாறினும் அதன் நெறி மாறவில்லை என்பது புலனாகிறது. பெட்டியடியும் பேரேடும் சாட்சியும் உரிமமும் தொலைபேசி எண்ணும் ஒரே வேலையைச் செய்கின்றன. அறிமுகம் மட்டும் காப்பாகாது. கங்காணியும் துணைமுகவரும் அறிமுகமானவர்களே. அறிமுகத்தோடு எழுத்தும், எழுத்தோடு இன்னொருவரின் பார்வையும் சேரும்போதே காப்பு முழுமை பெறுகிறது.

இதற்குப் பெருந்தடையாவது நாணம். ஏமாந்தவர் அறிவிலி எனப்படும் அச்சத்தால் தம் மனைமக்களிடமும் மறைக்கிறார். மறைப்பு அடுத்த இழப்பிற்கு வழிவகுக்கிறது. தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு பணி உண்டு. திருக்குறளின் 'கள்ளாமை' அதிகாரத்தைப் பயிற்றும்போது, களவு செய்யாமையோடு களவுக்கு ஆளானவரை இகழாமையும் அறமே என மாணவர்க்கு உணர்த்தலாம். சிலப்பதிகாரத்தைப் பயிற்றும்போது, கோவலனுக்காகப் பேச ஒருவர் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என வினவலாம். ஒப்பந்தம், இரசீது, வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவற்றைத் தமிழில் படித்துப் பொருளுணரும் பயிற்சியையும் மொழிப்பாடத்தில் சேர்க்கலாம். பாட்டியின் தொலைபேசிக்கு வந்த செய்தியை உடனிருந்து படித்துச் சொல்லத் தெரிந்த பேரப்பிள்ளை, அவ்வீட்டிற்கு வாய்த்த நல்ல காவலாவார்.