விருப்பமா, கடனா? ஆங்கிலத்தின் எதிர்காலமும் தள்ளிப்போடப்பட்ட விடுதலையும்

தமிழில் 'வருவான்' என்ற ஒரே சொல்லுக்குள் எதிர்காலம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வினை வடிவம் கிடையாது. 'வில்' அல்லது 'ஷேல்' என்று ஒரு துணைச்சொல்லைச் சேர்த்துத்தான் நாளை நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'வில்' என்றால் விரும்புதல், 'ஷேல்' என்றால் கடன்பட்டிருத்தல். இன்றும் சட்டங்களில் கட்டளையாக வருவது பெரும்பாலும் 'ஷேல்'தான்.

விரும்புகிறவர் ஒருவர் இருக்க வேண்டும், கடன்பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலம் பேசிய ஆளும் வர்க்கங்கள் மூன்றாவதாக ஒரு வழியும் வைத்திருந்தன. 'படிப்படியாக', 'உரிய காலத்தில்', 'காலம் கனியும்போது'. இப்படிப் பேசும்போது செய்ய வேண்டிய ஆள் காணாமல் போகிறார். காலமே வந்து எல்லாவற்றையும் செய்துவிடும் என்று ஆகிறது. அடிமை ஒழிப்பின் வரலாற்றையும் நிறவெறி எதிர்ப்பின் வரலாற்றையும் படித்தால், இந்த மூன்றாவது பேச்சுக்கு மக்கள் கொடுத்த விலை தெரியும்.

1792இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்தார். ஹென்றி டண்டாஸ் அதை எதிர்க்கவில்லை. 'படிப்படியாக' என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார். தீர்மானம் நிறைவேறியது. 1796 என்று ஆண்டும் குறித்தார்கள். மேலவையில் அது கிடப்பில் போடப்பட்டது. வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807இல்தான் வந்தது. அந்த இடைக்கால ஆண்டுகள் முழுவதும் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றுகொண்டுதான் இருந்தன.

ஒழிப்பு இயக்கத்தவர்களுக்கும் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 1823இல் லண்டனில் தொடங்கிய அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் பெயரிலேயே 'படிப்படியான ஒழிப்பு' இருந்தது. மறு ஆண்டு லெஸ்டர் நகரத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹேரிக் என்ற பெண் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். 'உடனடி ஒழிப்பு, படிப்படியான ஒழிப்பு அல்ல' என்பதே தலைப்பின் சாரம். தள்ளிப்போடுவதால் லாபம் அடைபவர்கள் தோட்ட முதலாளிகள் மட்டுமே என்று அவர் வாதிட்டார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பெண்கள் சங்கங்கள் கொடுத்த அழுத்தத்தில் 1830இல் லண்டன் சங்கம் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது.

ஆனால் 1833ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் மறுபடியும் காலக்கெடு வைத்தது. 1834 ஆகஸ்ட் 1 அன்று முழு விடுதலை பெற்றவர்கள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டுமே. மற்றவர்கள் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். வயல் வேலை செய்தவர்களுக்குக் கெடு 1840 வரை. எதிர்ப்பு வலுத்ததால் 1838இல் அது கைவிடப்பட்டது. இதே சட்டம் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஆண்டைக்குப் பணம், அடிமைக்குத் தவணை.

நம் முன்னோர்களுக்கு அந்தத் தவணைகூடக் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை அந்தச் சட்டம் விலக்கிவைத்தது. அதே 1833இல் கம்பெனிக்குக் கொடுத்த சாசனச் சட்டம், இந்தியாவில் அடிமைமுறையை 'இயலக்கூடியதாகவும் பாதுகாப்பானதாகவும்' ஆனவுடன் ஒழிக்க வேண்டும் என்றது. யாருக்குப் பாதுகாப்பு? தஞ்சையிலும் மலபாரிலும் நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்த பறையர், பள்ளர், புலையர், செறுமர் சாதி மக்களுக்கா, நிலவரி கட்டிய மிராசுதாருக்கா? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று மட்டும் சொன்னது. அடிமையாக விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில்தான். பண்ணையாள் முறை அதற்குப் பிறகும் நீடித்தது.

அமெரிக்காவில் லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட பிரகடனம் இரண்டு காலத்தையும் சேர்த்துப் பேசியது. கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகள் இப்போதே விடுதலை பெற்றவர்கள், இனிமேலும் அப்படியே இருப்பார்கள் என்றது. அந்த 'இனிமேலும்' என்பதற்கு அது பயன்படுத்திய சொல் 'ஷேல்'. ஆனால் கடன் தீரவில்லை. போருக்குப் பின் தென் மாநிலங்கள் தனிப் பள்ளி, தனிப் பெட்டி, தனிக் குழாய் என்று நிறப்பிரிவினையைச் சட்டமாகவே ஆக்கின.

1954இல் உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்றது. எப்போது முடிக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. கறுப்பினக் குழந்தைகளின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேதி குறிக்கச் சொன்னார். 1955 மே 31 அன்று நீதிமன்றம் தேதி குறிக்கவில்லை. 'நிதானமான வேகத்தோடு' என்றது. தென் மாநிலங்கள் நிதானத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், சேர்ந்து படிக்க விடுவதைவிட மேல் என்று 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடிவைத்தது. தீர்ப்பு வந்து பத்து ஆண்டு ஆனபோதும், முன்னாள் கூட்டமைப்பு மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் ஒருவர்தான். 1969இல்தான் அதே நீதிமன்றம் 'உடனே' என்றது.

1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் இந்தப் பொறுமை உபதேசத்துக்கான பதில்தான். காலம் தானாக எதையும் சரிசெய்யாது, அதை யார் கையில் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது உழைக்கும் என்பது அவர் வாதம். அதே ஆகஸ்டில் வாஷிங்டனில், அமெரிக்கா எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தைக் காசாக்க வந்திருக்கிறோம் என்றார். 'ஷேல்' என்ற சொல்லின் பழைய பொருளை அவர் அந்த நாட்டுக்கு நினைவூட்டினார் என்றே நான் படிக்கிறேன்.

அம்பேத்கரின் தலைமையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நம் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவையும் இப்படிப் படித்துப் பாருங்கள். தீண்டாமை ஒழிக்கப்படும் என்று அது சொல்லவில்லை. ஒழிக்கப்பட்டுவிட்டது என்கிறது. அதைக் கடைப்பிடிப்பது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்று சொல்லும்போது 'ஷேல்' வருகிறது. அந்தக் கடனுக்கு முதல் தவணையாக ஒரு தண்டனைச் சட்டம் வர 1955 வரை ஆனது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொன்று. சாக்கடைக் குழிக்குள் மரணங்கள் இன்னும் நிற்கவில்லை.

களத்தில் மனுக்களோடு அலையும் நமக்கு 'ஆவன செய்யப்படும்' என்ற பதில் பழக்கமானது. யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்காது. டண்டாஸ் சேர்த்த அந்தச் சொல்லுக்குத் தமிழ் வடிவம் இது. அடுத்த முறை அந்தப் பதில் வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள் தோழர்களே. பொறுப்பாளரின் பெயரையும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். ஹேரிக்கும் மார்ஷலும் கேட்டது அவ்வளவுதான்.