இரண்டு துறைமுகங்கள், இரண்டு பிராட்வேக்கள்: தென்னிந்தியாவில் ஜப்பானிய டிவி கேம்களின் வரலாறு

1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ நிறுவனம் 14,800 யென் விலைக்கு ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அந்தப் பெட்டியை அப்படியே எடுத்துவந்து எறணாகுளத்திலோ சென்னையிலோ ஒரு வீட்டில் ஓட்டியிருக்க முடியாது. அதன் அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. நம் சுவர்ப் பிளக்கில் வருவது 230 வோல்ட். அது அனுப்பும் படம் என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. நம் தொலைக்காட்சி 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத்துக்கு மாறியபோது ஏற்றுக்கொண்டது நொடிக்கு 50 முறை என்ற பிஏஎல் முறையை. போதாக்குறைக்கு, அது ஜப்பானின் 1, 2ஆம் சேனல்களில் ஒளிபரப்பும். அந்த அலைவரிசையில் இந்தியாவில் தொலைக்காட்சியே கிடையாது.

தென்னிந்தியாவில் பழைய ஜப்பானிய கேம்களைச் சேகரிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். மரியோவும் கான்ட்ராவும் ஜப்பானில் பிறந்தவை. ஆனால் ஜப்பானிலிருந்து நேரே நம்மிடம் வந்தவை அல்ல. நம்மைப் போலவே பிஏஎல் தொலைக்காட்சியும் 50 சுழற்சி மின்சாரமும் கொண்ட ஊர்களைத் தொட்டுத்தான் அவை வர முடிந்தது. சிங்கப்பூர் அப்படி ஓர் ஊர். துபாய் இன்னொன்று. இந்த இரண்டு ஊர்களுக்கும் நெருங்கிய போக்குவரத்து இருந்த துறைமுகங்கள் சென்னையும் கொச்சியும். இரண்டிலும் பிராட்வே என்றொரு கடைத்தெரு இருப்பது தற்செயல்; இரண்டும் கடல்வழிச் சரக்கை நம்பி வளர்ந்த கடைத்தெருக்கள் என்பது தற்செயல் அல்ல.

சென்னைக் கதை தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. பிராட்வேயிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவானது பர்மா பஜார். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்த பயணிகளின் பெட்டிகளிலிருந்து டேப் ரிக்கார்டரும் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் அங்கே இறங்கின. 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்துச் சேவை நின்ற பிறகும் சரக்கு நிற்கவில்லை. விமானத்தில் பொருள் சுமந்து வருவதையே தொழிலாகக் கொண்டவர்களைக் குருவி என்று அழைக்கும் வழக்கு நமக்குத் தெரியும். டிவி கேம் பெட்டி குருவிக்கு ஏற்ற பொருள்: எடை குறைவு, விலை அதிகம், கேசட்டுகளைத் துணிமணிக்கு இடையே செருகிவிடலாம்.

கொச்சியின் பிராட்வே மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் காயலுக்கு அக்கரையில், எறணாகுளம் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதை அடுத்த சண்முகம் சாலைதான் கரை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர் அந்தச் சாலைக்கு. பின்னாளில் காயலைத் தூர்த்து மரைன் டிரைவ் எழுந்தது. பிராட்வே மட்டும் குறுகலாகவே நின்றுவிட்டது: துணி, பாத்திரம், கடிகாரம், ஃபேன்ஸி, பொம்மை. மேனகா என்ற திரையரங்கின் பெயரைத் தாங்கிய பெண்டா மேனகா வணிக வளாகம் பின்னர் செல்பேசிக்கும் மின்னணுச் சாமானுக்கும் பெயர் பெற்றது. 1970களில் தொடங்கிய வளைகுடாப் பயணம் கேரள வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்த விசிஆர், டூ-இன்-ஒன், டிவி ஆகியவற்றைப் பழுது பார்க்கவும் மறுவிற்பனை செய்யவும் இப்படிப்பட்ட தெருக்களே இடம் கொடுத்தன. விடுமுறைக்கு வரும் தந்தை பிள்ளைக்கு வாங்கி வந்த கேம் பெட்டி, துபாயில் ஓடிய மாதிரியே எறணாகுளத்திலும் ஓடியது. காரணம் மேலே சொன்ன அந்தப் பொதுவான மின்சாரமும் ஒளிபரப்பு முறையும்தான்.

முறையான வழியும் இருந்தது, மெலிந்த வழி. நிண்டெண்டோவின் பெட்டி சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டது. சேகா நிறுவனம் 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மெகா டிரைவ் என்ற தன் பெட்டியைக் கொண்டுவந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படியும் ஒரு பெட்டியின் விலை 18,000 ரூபாய். 1995இல் நடுத்தரக் குடும்பம் ஒன்று அந்தப் பணத்துக்குப் பொம்மை வாங்கியிருக்காது. ஆகவே பெருவாரியான பிள்ளைகள் தொட்டது தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகளைத்தான். மைக்ரோ ஜீனியஸ், டெர்மினேட்டர், மீடியா, பிற்பாடு மிதாஷி என்று பெயர்கள் மாறின. உள்ளே இருந்தது ஒரே ஃபேமிகாம்.

உள்ளே இருந்ததைச் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். ஃபேமிகாமின் இரண்டு மூளைகளையும், அதாவது கணிக்கும் சில்லையும் படம் வரையும் சில்லையும், நகலெடுத்து விற்றது 1980இல் தொடங்கப்பட்ட தைவானின் யுஎம்சி நிறுவனம். 6527பி, 6538 என்ற எண்களோடு பிஏஎல் நாடுகளுக்கென்றே ஓர் இணையை அது செய்தது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பிஏஎல் பெட்டியிலிருந்து இது வேறுபட்டது. ஜப்பானிய கேசட்டை அப்படியே செருகினாலும் படம் கலையாமல் ஓடும்படி கால அளவுகளைத் திருத்தி அமைத்த வடிவம் இது. வேகம் மட்டும் 60க்கு 50 என்று இறங்கும். தோக்கியோச் சிறுவன் பார்த்த மரியோவைவிட நாம் பார்த்த மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான், பாட்டும் அதே அளவுக்கு இழுபட்டது. அந்த இழுபட்ட பாட்டுத்தான் நம் காதில் இருக்கும் பாட்டு.

இந்தப் பெட்டிகளில் இன்னொரு தழும்பையும் தேடலாம். ஹாங்காங்கின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பெட்டி ஒலியை 6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அனுப்பும். இந்திய டிவி எதிர்பார்ப்பது 5.5. எனவே படம் பளிச்சென்று வரும், ஒலிக்குப் பதில் இரைச்சல். படத்தையும் ஒலியையும் டிவி அலையாக மாற்றும் மாடுலேட்டரின் தகர உறையைத் திறந்து, சுருளின் நடுவில் உள்ள கறுப்புத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் ஒலி வந்துவிடும். மெக்கானிக் அதன் மேல் ஒரு சொட்டு மெழுகோ நகப்பூச்சோ வைத்து அசையாமல் செய்வார். பழைய பெட்டியொன்றைத் திறக்கும்போது அந்தச் சொட்டு கண்ணில் பட்டால், பெட்டி வந்த வழியும் அதை ஊருக்குப் பொருத்திய கையும் ஒருசேரத் தெரிந்துவிடும். தொழிற்சாலை முத்திரை குலையாத பெட்டியைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

இனி விளையாட்டு வகைகளுக்கு வருவோம். ஜப்பானில் 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட், 1987இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி ஆகிய இரண்டும் கதைமாந்தராகப் பயணம் செய்யும் வகையை அங்கே பெருவழக்காக்கின. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தத் தலைமுறையில் இவற்றின் சுவடே இல்லை. நம் நினைவில் இருப்பவை டாங்கி கேம், வாத்து சுடும் கேம், சர்க்கஸ் கேம், கார் கேம். ரசனை வேறுபாடு என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. விடை கேசட்டுக்குள் இருக்கிறது.

மஞ்சள் நிற மல்டி கேசட் ஒன்றின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்தால் உள்ளங்கை அளவு பச்சைப் போர்டு, கீழ் விளிம்பில் 60 பின்களுக்கான தொடர்பு, நடுவே கறுப்புப் பிசின் உருண்டை ஒன்றோ இரண்டோ. அந்தப் பிசினுக்கு அடியில் இருக்கும் நினைவகம்தான் கேசட்டின் செலவு முழுவதும். டாங்கி கேம் என்று நாம் சொல்லும் நாம்கோவின் பேட்டில் சிட்டிக்கு 24 கிலோபைட் போதும். சூப்பர் மரியோவுக்கு 40. இவை 1983க்கும் 1986க்கும் இடையில், கூடுதல் சில்லு எதுவும் தேவைப்படாத காலத்தில் எழுதப்பட்டவை. ஒரே உருண்டைக்குள் இப்படிப் பலவற்றை அடைக்கலாம். கான்ட்ராவோ 128 கிலோபைட். ஆதலால் அது தனிக் கேசட்டாகவோ, நாலைந்து பெரிய கேம்கள் சேர்ந்த விலை கூடிய கேசட்டாகவோ வந்தது. ஃபைனல் ஃபேன்டஸிக்குப் பெரிய நினைவகத்தோடு ஆட்டத்தைச் சேமிக்க ஒரு பேட்டரியும் வேண்டும், ஜப்பானிய எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும். நகலெடுப்பவருக்கு அது மூன்று மடங்குத் தலைவலி. மேலுறையில் 9999999 இன் 1 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே சில பத்து கேம்களே திரும்பத் திரும்ப வரும். ஒரே கேம் ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் அது வேறொரு பெயரில் பட்டியலில் இருக்கும்.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு. பேட்டில் சிட்டி அமெரிக்காவில் நிண்டெண்டோ கேசட்டாக வெளியானதே இல்லை. கொனாமியின் ரோட் ஃபைட்டரும் சர்க்கஸ் சார்லியும் அப்படியே. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வளர்ந்த பிறகு தேடிக் கண்டடைந்த தொடக்க கால ஜப்பானிய கேம்களைப் பிராட்வேயில் பொம்மை வாங்கிய பிள்ளை ஏழு வயதிலேயே மனப்பாடமாக ஆடியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேம் வரலாறுகளை நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்கு வெளியே வேறு கதை. டோக்கன் போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளில் காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்ற ஆட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் முஸ்தபா. அதன் அசல் போர்டில் ஒலிச் சில்லின் சங்கேதச் சாவியை ஒரு பேட்டரி உயிரோடு வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், ஒலிப் பகுதி ஊமையாகிவிடும். கள்ள நகல் போர்டில் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் விற்றார்கள். ஆகவே அது இன்றும் பேசுகிறது. அசலைக் காக்கப் போட்ட பூட்டே அசலுக்கு எமனாயிற்று.

பிளேஸ்டேஷன் காலத்தை விரைவாகக் கடக்கலாம், அதன் தடயங்கள் ஏராளம். நகல் வட்டும் ஓடும்படி மோட் சிப் பொருத்திய பிளேஸ்டேஷன் 2, நகல் டிவிடி, மணிக்கணக்கில் வாடகை. கால்பந்துப் பித்துப் பிடித்த கேரளத்தில் கொனாமியின் வின்னிங் லெவன் வரிசைக்கு இருந்த கிராக்கியைச் சொல்லவே வேண்டாம். கதைமாந்தர் வகை நம்மிடம் பரவலாக வந்தது அதற்கும் பிறகு, பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள் வழியாகக் கணினியில் ஓடிய போக்கிமானில்.

இன்று இவற்றைச் சேகரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து அட்டைப்பெட்டியோடு அசலை வரவழைக்கிறார்கள், மின்சாரத்தை 100 வோல்ட்டாகக் குறைக்கும் கருவியும் வாங்கி வைக்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஜப்பானிய அட்டைப்பெட்டி ஓவியத்தின் அழகை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த அசல்களைக் காக்க ஜப்பானில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்நாட்டு தேசிய நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் சட்டப்படியே கேம்களைப் பெற்று வைக்கிறது. கியோத்தோவின் ரிட்சுமேகன் பல்கலைக்கழகத்தில் கேம் ஆய்வு மையமே இருக்கிறது. நம் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டமோ சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் புத்தகத்தையும் பத்திரிகையையும் கொண்டுவந்து சேர்க்கும், கேசட்டை அல்ல. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக்கும் தேக்குக்கும் இருக்கும் மதிப்பு பிளாஸ்டிக்குக்கு இன்னும் வரவில்லை.

நமக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச்சிந்துகளையும் பாட்டுப் புத்தகங்களையும் படித்தவர்கள் குப்பை என்று தள்ளினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்றவர்கள் அவற்றைத் தள்ளாமல் சேர்த்து வைத்தார்கள். அவருடைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது, ஆ.இரா. வேங்கடாசலபதி முச்சந்தி இலக்கியம் எனப்படும் இவ்வகை எழுத்தைப் பற்றி நூலே எழுதினார். மல்டி கேசட் நம் காலத்தின் குஜிலிப் பதிப்பு: பெயரில்லாத அச்சகம், திருடிய உள்ளடக்கம், கொட்டை எழுத்துப் பொய் விளம்பரம், எல்லார் கைக்கும் எட்டிய விலை.

அதைக் காப்பதற்குக் காலம் குறைவு. கொச்சியின் உப்புக் காற்றும் இடவப்பாதி மழையும் கேசட் தொடர்புகளைப் பச்சையாக்குகின்றன, மேல்தாளில் பூஞ்சை படர்கிறது, நகல் டிவிடிகளிலும் படர்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சிலிக்கா ஜெல்லும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவும். அதற்குள் ஒவ்வொரு கேசட்டின் உள்ளடக்கத்தையும் கணினிக்கு எடுத்துவிட வேண்டும். கடை முத்திரை, விலைச் சீட்டு, பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயர், மாற்றிய மின்தேக்கி எல்லாவற்றையும் துடைத்தெறியாமல் படமெடுத்துக் குறித்துவைக்க வேண்டும். சுத்தம் செய்து பளபளப்பாக்கியவுடன் ஒரு பெட்டி எந்த ஊருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது.

குறித்துவைப்பதன் பலனை வேறொரு நாட்டில் பார்க்கலாம். அதே தைவான் நகல் பெட்டியை 1992இல் ரஷ்யாவில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் டெண்டி என்று பெயரிட்டு விற்றது. அங்கு வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் அந்தப் பெட்டியைச் சில்லு சில்லாக அளந்தார்கள், எழுதினார்கள். இன்று ஃபேமிகாம் எமுலேட்டர் ஒன்றைத் திறந்து அமைப்புகளுக்குள் போனால் என்டிஎஸ்சி, பிஏஎல் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு தேர்வு பலவற்றில் இருக்கும். யுஎம்சி இணைச் சில்லுகளின் கால அளவு, நாம் ஆடிய அந்த மெதுவான மரியோவின் வேகம், அதுதான். அதன் பெயர் டெண்டி.