முட்டியை மடக்கியது யார்? ஃபுட்ரெஸ்ட் பின்னால் போன கதை

ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதே 648 சிசி எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அடிப்படையில் அதே ஃபிரேம். 2018-ல் ஒன்றாக விற்பனைக்கு வந்த இரட்டையர். ஆனா முதல் வண்டியில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இரண்டாவதில் ஹேண்டில்பார் கீழே, ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி மேலே. என்னை மாதிரி நாற்பதைத் தாண்டிய, பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் முட்டியில் தெரியும். இந்த உட்காரும் முறை எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறது.

ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் என்பது உண்மையிலேயே சைக்கிள்தான். மிதிக்க பெடல் இருந்தது, அதனால் கால் இருக்கும் இடமும் சைக்கிளில் இருந்த இடமேதான். ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-ல் நடந்த முதல் டிடி பந்தயத்தில் மேடு வந்தால் பெடல் போட்டு ஏறலாம். அடுத்த வருஷமே அதைத் தடை செய்துவிட்டார்கள். பெடல் போனதும் காலுக்கு வேலை குறைந்தது, எங்காவது வைத்தால் போதும். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 1914-லேயே அகலமான ஃபுட்போர்டு கொடுத்தது. நீளமான சாலை, காலை முன்னால் நீட்டி உட்காரலாம். இங்கிலாந்தில் சின்னக் கம்பி போன்ற ஃபுட்ரெஸ்ட்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் பிலிப் வின்சென்ட். இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் ஊரில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து 1946-ல் வந்த ரேப்பிட் சீரிஸ் பி வண்டியில் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாவற்றையும் ஓட்டுபவரின் கால் நீளத்துக்குத் தக்கபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக வேகமான வண்டிகளில் ஒன்று அது. வண்டிக்கு மனுஷன் இல்லை, மனுஷனுக்குத்தான் வண்டி என்று அவர் நினைத்திருக்கிறார். கார் சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவது நமக்கு சாதாரணம். பைக்கில் மட்டும் ஏன் இது பரவவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனதற்குக் காரணம் பந்தயம். வளைவில் வண்டியை நன்றாகச் சாய்த்தால் கீழே இருக்கும் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். அதனால் மேலே ஏற்றினார்கள். காற்றுக்கு உடம்பைக் குனிய வைக்க வேண்டும். அதனால் பின்னால் தள்ளினார்கள். (1948-ல் ரோலி ஃப்ரீ வெறும் நீச்சல் உடையோடு ஒரு வின்சென்ட் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கு 150 மைலைத் தாண்டியது தனிக்கதை. அவர் முட்டியை மடக்கவே இல்லை!)

பந்தயத்தில் இருந்த இந்த உட்காரும் முறையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள், லண்டன் ஏஸ் கஃபே மாதிரி இடங்களில் கூடிய இளைஞர்கள். ரெடிச் ஊரில் இருந்த பழைய ராயல் என்ஃபீல்டு கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டு 1964-ல் கான்டினென்டல் ஜிடி 250-ஐ இறக்கியது. அங்கே லேர்னர்கள் 250 சிசி வரைதான் ஓட்டலாம் என்று அப்போது சட்டம். ஆக, இந்த வண்டியின் வாடிக்கையாளர் பதினெட்டு, இருபது வயசுப் பையன். ஒரு டீக்கடையிலிருந்து அடுத்த டீக்கடை வரை பறப்பான். அவனுக்காகப் போட்ட அளவு அது. அதே கம்பெனியோடு சேர்ந்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் புல்லட்டை நிமிர்ந்து உட்காரும் வண்டியாகவே செய்துகொண்டிருந்தது. 2013-ல் கான்டினென்டல் ஜிடி என்ற பெயர் திரும்பி வந்தபோது, மடங்கிய காலும் கூடவே வந்தது.

இப்போ முட்டிக்கு வருவோம். கால் மடங்க மடங்க, முட்டிச்சில் தொடையெலும்பின் மேல் அழுந்துவது கூடும். அதே கோணத்தில் ரொம்ப நேரம் இருந்தால் வலி. சினிமா பார்த்து எழுந்திருக்கும்போது முட்டி பிடிக்குமே, அதுதான். மருத்துவர்களே இதற்குத் தியேட்டர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். தொடை, கெண்டைக்கால் இரண்டும் 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை நேர் தூரம் 55 செ.மீ. என்றால் முட்டிக் கோணம் சுமார் 80 டிகிரி. அந்தத் தூரத்தை 60 ஆக்கினால் 88 டிகிரிக்கு மேல் போகிறது. அதாவது அங்குலத்துக்கு நாலு டிகிரிக்கும் கொஞ்சம் கூட. ஹேண்டில்பாரை உயர்த்தினால் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் சுகம்; இந்தத் தூரம் அதனால் மாறாது. முட்டிக்கு சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும்தான்.

சுலபமான வழி சீட்டுக்கடையில் ஒரு அங்குலம் ஃபோம் ஏற்றுவது. உயரம் குறைந்தவர்களுக்கு சிக்னலில் கால் எட்டாமல் போகும், தொடைப் பக்கம் அகலமாக்கினாலும் அதே கதிதான். அடுத்தது ஃபுட்ரெஸ்ட்டை இறக்குவது. லேத்தில் கொடுத்து ஏதாவது ஒரு பிளேட்டை வெல்டு பண்ணுகிற வேலை வேண்டாம், முழு உடம்பும் அதன் மேல்தான் எழுந்து நிற்கும். நல்ல பிராக்கெட் கிடைத்தால் மாட்டலாம். வளைவில் சாய்க்கும் அளவு குறையும், நம் வயசில் பரவாயில்லை. இறக்கியபின் கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதே அளவு இறக்காவிட்டால் வலி முட்டியிலிருந்து கணுக்காலுக்கு மாறும். நெடுஞ்சாலையில் லெக் கார்டு மேல் காலை நீட்டுவது புல்லட்காரர்களின் பழைய வைத்தியம். ஆனா பிரேக் பெடல் அப்போது எங்கேயோ இருக்கும். ஊருக்குள் அது ஆகாது.