வார்டுக்கு வெளியே வந்த மருந்து

2020இல் கோவிட் பரவியபோது பல நாடுகளில் கொலனோஸ்கோபி பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டார்கள். கொள்ளைநோய் வந்தால் குடல் நோயாளி வார்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானா என்று யோசித்தபோது எனக்கு 1971 நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் வார்டுக்கு வெளியேதான் வைத்தியம் நடந்தது.

ஏழாவது காலரா கொள்ளைநோய் 1961இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் தொடங்கியது. அதே ஆண்டில் நம் சரவாக்கையும் தொட்டது. பிறகு மேற்கே நகர்ந்து வங்காளத்தை அடைந்தது.

காலராக் கிருமியின் நச்சு, சிறுகுடலிலிருந்து நீரையும் உப்பையும் கொட்ட வைக்கிறது. ஆள் சில மணி நேரத்திலேயே வற்றிப்போவான். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். அப்போது அதற்கு வழி, நரம்பில் ஏற்றும் சேலைன். பாட்டில், ஊசி, நர்ஸ், கட்டில் எல்லாம் வேண்டும்.

உப்பு நீரில் குளுக்கோஸ் கலந்தால் பேதியின்போதும் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968லேயே டாக்காவில் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து இதைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் இது சரிவராது என்றே பலர் நினைத்தார்கள்.

1971இல் போருக்குத் தப்பி லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். பங்காவ் ஆஸ்பத்திரியில் காலராவுக்கு இருந்தது இரண்டு அறை, 16 கட்டில். மற்றவர்கள் தரையில், பேதிக்கும் வாந்திக்கும் நடுவே கிடந்தார்கள். சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் போட்டு வரவழைத்து, டிரம்களில் கரைத்து வைத்தார். அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்து ஊட்டினார்கள். மயங்கிக் கிடந்தவர்களுக்கு மட்டும் ஊசி.

நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த நோயில், அவர் பொறுப்பில் இருந்தவர்களில் இறந்தது 3.6 சதவீதம். 1978இல் உலகச் சுகாதார நிறுவனம் பேதி நோய்களுக்கான திட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் கரைசல்தான் அதன் மையம். இன்று கிளினிக்கில் கொடுக்கும் உப்புப் பாக்கெட் அதன் வாரிசு.

என்னை உறுத்துவது நடுவில் போன அந்த மூன்று வருஷம். மருந்து கையில் இருந்தது. ஒரு தாயால் அதைச் சரியாக ஊட்ட முடியும் என்ற நம்பிக்கைதான் இல்லை. கட்டில் தீர்ந்த பிறகுதான் அதுவும் வந்தது.